ஸ்டேட்டஸ் இல்லாத அப்பா அம்மாவுக்கு அமெரிக்க கிரீன் கார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசிட்டர் விசாவில் வந்து அப்படியே தங்கிவிட்ட அம்மா, எல்லை தாண்டி வந்த அப்பா. இரண்டு பேருக்கும் 'ஸ்டேட்டஸ்', அதாவது சட்டப்படி தங்கும் அனுமதி, இல்லை. இவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளை கிரீன் கார்டு வாங்கித் தர முடியுமா என்பதுதான் இங்கே விஷயம். கோயில் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதில் பாதி சரியாகத்தான் இருக்கும், மீதிப் பாதியை நம்பி ஊருக்கு ஃபிளைட் ஏறினால் பத்து வருஷம் திரும்பி வர முடியாமல் போகும். நான் வக்கீல் இல்லை. உங்கள் வீட்டுக் கேஸ் எந்த ரகம், வக்கீலிடம் எதைக் கேட்க வேண்டும் என்று புரிந்துகொள்ள இது உதவும், அவ்வளவுதான். சொல்வதெல்லாம் அமெரிக்கச் சட்டம். கனடா, பிரிட்டன் கதையெல்லாம் வேறு.

யார் ஸ்பான்சர் செய்யலாம்?

அமெரிக்கக் குடியுரிமை இருக்க வேண்டும், 21 வயது முடிந்திருக்க வேண்டும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் மனைவிக்குப் போடலாம், பிள்ளைக்குப் போடலாம், அப்பா அம்மாவுக்குப் போட முடியாது. எச்1பி வேலை விசா, டாக்கா (சின்ன வயதில் வந்தவர்களுக்குத் தரும் தற்காலிகப் பாதுகாப்பு) இதெல்லாம் பேச்சுக்கே இடமில்லை.

குடிமகனின் அப்பா அம்மா 'நெருங்கிய உறவினர்' என்ற வகையில் வருகிறார்கள். அந்த வகைக்கு வருடாந்தர எண்ணிக்கை வரம்பு கிடையாது. இந்தியாவில் பிறந்தவர்கள் வேலை வழி கிரீன் கார்டுக்குப் பத்து, பதினைந்து வருஷம் வரிசையில் நிற்கிறார்களே, அந்த வரிசை இங்கே இல்லை. அதனால்தான் 21-ஆவது பிறந்தநாளை வீடே எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

எனக்கு 19 வயதுதான். இப்போதே மனு போட்டு வைத்தால் 21-இல் பலிக்குமா?

பலிக்காது. 21 முடிவதற்கு முன்னால் போட்டால் நிராகரிப்பார்கள், கட்டின பணமும் போச்சு. அந்த இரண்டு வருஷத்தில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது: பழைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுப்பது, பெயர்க் குழப்பங்களைச் சரிசெய்வது, அம்மா அப்பா எப்போதாவது போலீஸிலோ இமிக்ரேஷன் கோர்ட்டிலோ சிக்கியிருக்கிறார்களா என்று உட்கார வைத்துக் கேட்பது.

வக்கீல்கள் எல்லோரும் முதலில் 'அம்மா எப்படி வந்தார்' என்றே ஏன் கேட்கிறார்கள்?

ஏனென்றால் மொத்தக் கேஸும் அந்தப் பதிலில்தான் நிற்கிறது. எத்தனை வருஷம் ஸ்டேட்டஸ் இல்லாமல் இருந்தார் என்பது அதற்கு அடுத்ததுதான்.

அமெரிக்காவுக்கு உள்ளே இருந்தபடியே கிரீன் கார்டு வாங்க, அதாவது ஐ-485 என்ற விண்ணப்பத்தைப் போட, அதிகாரி பரிசோதித்து உள்ளே விட்டிருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட்டை நீட்டி, முத்திரை குத்தி உள்ளே வந்திருந்தால் அந்த நிபந்தனை தீர்ந்தது. பி2 என்ற விசிட்டர் விசாவில் ஆறு மாதத்துக்கு வந்து இருபது வருஷம் இருந்துவிட்டாலும் சரி, குடிமகனின் அப்பா அம்மா என்பதால் அந்த ஓவர்ஸ்டேயை இந்த விண்ணப்பத்துக்குத் தடையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஊருக்குப் போகவே வேண்டாம், ஐ-130 என்ற உறவு மனுவையும் ஐ-485-ஐயும் ஒரே உறையில் சேர்த்தே அனுப்பலாம்.

மெக்ஸிகோ எல்லையிலோ கனடா எல்லையிலோ யார் கண்ணிலும் படாமல் நடந்து வந்திருந்தால் இந்தக் கதவு மூடியிருக்கும். பிள்ளை குடிமகனாக இருப்பதால் மட்டும் அது திறக்காது. எல்லையில் பிடித்து, கோர்ட் தேதி கொடுத்து வெளியே விட்டிருந்தால் அந்தக் காகிதம் என்ன என்று பார்க்க வேண்டும். 'பரோல்' (விசா இல்லாமலும் தற்காலிகமாக உள்ளே விடும் அனுமதி) என்று எழுதியிருந்தால் நல்லது. ஐ-220ஏ என்ற தாளாக இருந்தால் அது பரோல் ஆகாது என்று இமிக்ரேஷன் மேல்முறையீட்டு வாரியம் 2023-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே எல்லையில் கொடுத்த ஒரு தாளையும் தூக்கிப் போடாதீர்கள், மடிந்து கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

ஏர்போர்ட் வழியாகத்தான் வந்தார், ஆனால் பழைய பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

அந்தக் காலத்தில் ஃபிளைட்டிலேயே ஒரு சின்ன வெள்ளைத் தாளை நிரப்பச் சொல்வார்கள், அதைக் கிழித்து அடிப்பாகத்தைப் பாஸ்போர்ட்டில் ஸ்டேபிள் அடித்துக் கொடுப்பார்கள். உள்ளே வந்ததற்கான பதிவு அது, அதுதான் ஐ-94. அது கிடைத்தால் அதுவே போதும். 2013-க்கு அப்புறம் விமானத்தில் வந்திருந்தால் எல்லைச் சோதனைத் துறையான சிபிபியின் இணையதளத்தில் பார்க்கலாம். இரண்டும் இல்லையென்றால் தகவல் கோரும் சட்டத்தின் கீழ் அரசிடமே பதிவைக் கேட்கலாம், அல்லது ஐ-102 போட்டு மாற்றுப் பிரதி கேட்கலாம். ஐ-102-க்குக் கட்டணம் உண்டு, வரவும் நாளாகும்.

டொராண்டோவில் இருந்து உறவினர் காரில் வந்தவர்கள் சிலர், 'அதிகாரி குனிந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார், பாஸ்போர்ட்டில் ஒன்றும் குத்தவில்லை' என்பார்கள். அதுவும் முறைப்படியான நுழைவுதான் என்று 2010-இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் உங்களுடையது. கூட வந்தவர்களின் வாக்குமூலம், பயணத் தேதிக்கான ஆதாரம் எல்லாம் வேண்டும். இது வக்கீல் இல்லாமல் செய்யக்கூடிய வேலை இல்லை.

அம்மா இத்தனை வருஷமும் ரொக்கச் சம்பளத்துக்கு வேலை செய்தார். அதுவும் மன்னிக்கப்படுமா?

அனுமதி இல்லாமல் வேலை செய்தது நெருங்கிய உறவினர் வகையில் தடை ஆகாது. ஆனால் வேலையில் சேரும்போது எந்தக் கட்டத்தில் டிக் அடித்தார் என்று கேளுங்கள். இதை நான் மிகவும் அழுத்திச் சொல்வேன்.

எந்த முதலாளியும் ஐ-9 என்று ஒரு படிவத்தை நிரப்பச் சொல்ல வேண்டும். அதில் முதல் கட்டம் 'நான் அமெரிக்கக் குடிமகன்'. அவசரத்தில் மேனேஜர் 'அக்கா, முதல் கட்டத்தில் டிக் பண்ணிட்டு கையெழுத்துப் போடுங்க' என்று சொல்லியிருப்பார், இவரும் போட்டிருப்பார். 1996 செப்டம்பர் 30-க்குப் பிறகு குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்னால் அது ஆயுள் முழுவதற்குமான தடை, கிரீன் கார்டுக்கு வருபவர்களுக்கு அதற்கு வேவர், அதாவது தடையை நீக்கும் விதிவிலக்கு, என்று ஒன்று கிடையவே கிடையாது. ஓட்டுநர் உரிமம் தரும் டிஎம்வி அலுவலகத்தில் தெரியாமல் வாக்காளர் பதிவுக்கு ஒத்துக்கொண்டது, ஓட்டுப் போட்டது இதெல்லாமும் இதே வகையில் வந்து மாட்டும். இருபது வருஷ ஓவர்ஸ்டேயை மன்னிக்கிற சட்டம் ஒரு டிக்கை மன்னிக்காது. இப்படி ஏதாவது இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், வக்கீலிடம் பேசி முடிக்கும் வரை எந்த விண்ணப்பமும் அனுப்பாதீர்கள்.

வேறொருவர் பாஸ்போர்ட்டில், தலைமாத்தி வந்தவர் என்றால்?

ஈழத்தில் இருந்து 90-களில் வந்தவர்கள் பலரின் கதை இது. ஏஜென்ட் கொடுத்த பாஸ்போர்ட், வேறு பெயர், வேறு பிறந்த தேதி. அதிகாரி பார்த்து உள்ளே விட்டார் என்பதால் நுழைவு நிபந்தனை நிறைவேறியதாக வாதிட முடியும், ஆனால் மோசடியாக நுழைந்தார் என்ற இன்னொரு தடை வந்து நிற்கும். அதற்கு வேவர் உண்டு, ஐ-601. அந்த வேவருக்கு ஆதாரமாக குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி, தாய், தகப்பன் இவர்களில் ஒருவர் வேண்டும். பிள்ளை இந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்கக் குடியுரிமைப் பாஸ்போர்ட்டையே காட்டி வந்திருந்தால் அது மேலே சொன்ன ஆயுள் தடை.

அப்பாவை ஊருக்கு அனுப்பி, மும்பை தூதரகத்தில் இன்டர்வியூ வைத்து முறையாக வரவழைத்தால் சுலபம்தானே?

வேண்டாம். நிறையக் குடும்பங்களைப் பிரித்துப் போட்ட யோசனை இதுதான்.

1996-இல் கிளின்டன் காலத்தில் வந்த சட்டம், 1997 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 180 நாளுக்கு மேல், ஒரு வருஷத்துக்குக் குறைவாக ஸ்டேட்டஸ் இல்லாமல் இருந்துவிட்டு வெளியே போனால் 3 வருஷத் தடை. ஒரு வருஷமோ அதற்கு மேலோ என்றால் 10 வருஷத் தடை. உள்ளே இருக்கும் வரை இந்தத் தடை தூங்கும், விமானம் ஏறி வெளியேறிய நிமிஷம் விழித்துக்கொள்ளும். மனு அங்கீகரிக்கப்பட்டிருக்கும், பிள்ளை சம்பாதித்துக்கொண்டிருப்பான், எல்லாக் காகிதமும் சரியாக இருக்கும், மும்பையில் அதிகாரி ஒரு தாளை நீட்டி 'பத்து வருஷம் கழித்து வாருங்கள்' என்பார்.

முத்திரையோடு வந்த ஓவர்ஸ்டே அம்மாவுக்கும் இது பொருந்தும். உள்ளேயே இருந்து வாங்கக்கூடிய கிரீன் கார்டை, 'எதற்கும் முறையாகப் போய் வருவோம்' என்று கிளம்பித் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். இங்கே முறை என்பதே உள்ளேயே இருப்பதுதான்.

நாள் கணக்கில் சில விதிவிலக்குகள் உண்டு. 18 வயதுக்குள் இருந்த காலம் சேராது. அனுமதியில்லாமல் வேலை செய்யாமல், உண்மையான அகதிக் கோரிக்கை நிலுவையில் இருந்த காலமும் சேராது. எஃப்-1 மாணவராக வந்து படிப்பை விட்டவருக்கு, ஐ-94-இல் தேதிக்குப் பதிலாக 'டி/எஸ்' (ஸ்டேட்டஸ் இருக்கும் வரை) என்று இருந்தால், இமிக்ரேஷன் அதிகாரியோ நீதிபதியோ தீர்மானமாகச் சொல்லும் வரை கணக்குத் தொடங்காது.

10 வருஷத் தடைக்கு வேவர் இருக்கிறதே, 'என் அம்மா இல்லாமல் எனக்குக் கஷ்டம்' என்று எழுதிக் கொடுக்கலாமா?

எழுதலாம், பிரயோசனம் இல்லை. ஐ-601ஏ என்ற வேவருக்குக் 'கடுமையான துன்பம்' யாருக்கு என்று காட்ட வேண்டுமோ அந்தப் பட்டியலிலும் கணவன், மனைவி, தாய், தகப்பன் மட்டும்தான். மனு போடுகிற பிள்ளையே துன்பக் கணக்கில் வருவதில்லை. அம்மாவுக்காக இவ்வளவும் செய்கிற ஒரே ஆளைச் சட்டம் இந்த இடத்தில் ஆளாகவே மதிக்கவில்லை. கேட்கும் எல்லோருக்கும் எரிச்சல் வரும், நியாயமான எரிச்சல்தான்.

அப்படியானால் எல்லை தாண்டி வந்த அப்பாவுக்கு வழியே இல்லையா?

மூன்று வழிகளைச் சரிபார்க்காமல் 'இல்லை' என்று முடிவு கட்ட வேண்டாம்.

முதலாவது, 245(ஐ) என்ற பழைய சட்டப் பிரிவு. 2001 ஏப்ரல் 30-க்குள் அப்பாவுக்காக யாராவது ஒரு மனுப் போட்டிருந்தால், அது அத்தை போட்டதாகவோ ஒரு ஹோட்டல் முதலாளி போட்ட லேபர் சர்ட்டிஃபிகேஷனாகவோ (வேலைக்கு ஆள் எடுக்கத் தொழிலாளர் துறையிடம் வாங்கும் சான்று) இருந்தாலும் சரி, 1,000 டாலர் அபராதம் கட்டிவிட்டு உள்ளேயே இருந்து விண்ணப்பிக்கலாம். அந்தப் பழைய மனு 1998 ஜனவரி 14-க்குப் பிறகு போட்டதென்றால், 2000 டிசம்பர் 21 அன்று அப்பா அமெரிக்காவில் இருந்ததைக் காட்ட வேண்டும். மனு அப்போது ஒழுங்கானதாக இருந்திருந்தால் போதும், கடைசியில் பலன் தந்திருக்க வேண்டும் என்று இல்லை. 'யாரோ ஏதோ போட்டார்கள், ஒன்றும் வரவில்லை' என்று அப்பா சொன்னால் அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கிற ஒரு ரசீது நோட்டீஸ் மொத்தக் கேஸையும் மாற்றிவிடும்.

இரண்டாவது, பிள்ளைகளில் ஒருவர் அமெரிக்க ராணுவத்தில் இருந்தால் 'பரோல் இன் பிளேஸ்' கேட்கலாம். உள்ளே இருந்தபடியே பரோல் கொடுப்பார்கள், அதை வைத்து ஐ-485 போடலாம். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். 2024-இல் சாதாரணக் குடிமக்களின் கணவன் மனைவிக்கும் இதே மாதிரி ஒன்று கொண்டுவந்தார்கள், அந்த நவம்பரிலேயே டெக்ஸஸ் நீதிபதி ரத்து செய்துவிட்டார். பெற்றோர் அதில் எப்படியும் இல்லை.

மூன்றாவதுதான் நம் வீடுகளில் அதிகம் பொருந்துவது, அதிகம் பேருக்குத் தெரியாததும். அம்மா விசாவில் வந்தவர், அப்பா எல்லை தாண்டி வந்தவர் என்று வையுங்கள். பிள்ளை இரண்டு பேருக்கும் தனித்தனியே ஐ-130 போடுகிறான். அம்மாவுக்கு உள்ளேயே கிரீன் கார்டு கிடைக்கிறது. இப்போது அப்பாவுக்குக் 'கிரீன் கார்டு உள்ள மனைவி' கிடைத்துவிட்டார் இல்லையா, அவருடைய துன்பத்தைக் காட்டி அப்பா ஐ-601ஏ போடலாம். 2016 ஆகஸ்ட் முதல் குடிமக்கள் மட்டுமல்லாமல் கிரீன் கார்டுக்காரர்களும் இதற்குக் கணக்கில் வருகிறார்கள். அம்மாவின் டயாலிசிஸ், சர்க்கரை, அவர் தனியாக வண்டி ஓட்ட முடியாதது, வீட்டுக் கடன், ஊரில் அந்த வைத்தியம் கிடைக்காதது, எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். வேவர் கைக்கு வந்த பிறகு மட்டுமே அப்பா இன்டர்வியூவுக்கு வெளியே போக வேண்டும். வேவர் வரவே சில வருஷம் ஆகும். அப்பாவின் அப்பா அம்மாவில் ஒருவர் ஏற்கெனவே சித்தப்பா மூலமாகக் கிரீன் கார்டு வாங்கியிருந்தால் அந்தத் தாத்தாவோ பாட்டியோகூடப் போதும்.

அப்பா ஒரு தடவை ஊருக்குப் போய்விட்டு மறுபடி எல்லை தாண்டி வந்தார். அது பிரச்சினையா?

பெரிய பிரச்சினை. மொத்தமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஸ்டேட்டஸ் இல்லாமல் இருந்துவிட்டு வெளியே போய், பரிசோதனை இல்லாமல் திரும்ப நுழைந்தால் நிரந்தரத் தடை. வெளியே போய் 10 வருஷம் இருந்த பிறகுதான் அனுமதி கேட்கவே முடியும். 245(ஐ)யும் இதைக் காப்பாற்றாது. நாடு கடத்தப்பட்டுத் திருட்டுத்தனமாகத் திரும்பி வந்தவருக்கும் இதேதான், கூடவே கிரிமினல் வழக்கும் வரலாம்.

அப்பா கப்பலில் வேலை பார்த்தவர், ஹூஸ்டன் துறைமுகத்தில் இறங்கிவிட்டார். முத்திரை இருக்கிறது.

முத்திரை இருந்தும் பலனில்லாத அபூர்வமான கேஸ் இது. கப்பல் ஊழியர் விசாவில் வந்தவர், பிள்ளை குடிமகனாக இருந்தாலும், உள்ளே இருந்து விண்ணப்பிக்க முடியாது. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் கப்பலுக்குப் போனவர்கள் நிறைய இருப்பதால் சொல்கிறேன். 245(ஐ) இருந்தால் மட்டும் தப்பிக்கலாம். ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வந்து 'இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இரு' என்ற நிபந்தனை உள்ளவர்களும் அதை முதலில் தீர்க்க வேண்டும்.

பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

தமிழர் கேஸில் இது இல்லாமல் இருக்காது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அவருடைய அப்பா பெயர் இருக்கும். பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கேட்டதற்குக் கணவர் பெயரைச் சொல்லியிருப்பார்கள். பள்ளிச் சான்றிதழில் 'ஆர். லெட்சுமி', பாஸ்போர்ட்டில் 'லக்ஷ்மி ராமசாமி', பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் 'லட்சுமி சண்முகம்'. மூன்றும் ஒரே ஆள் என்று, விண்ணப்பத்தைப் பார்க்கும் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

திருமணச் சான்றிதழ் பாதிச் சிக்கலைத் தீர்க்கும். இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா, அம்மா, கணவர் பெயர் மூன்றும் இருக்கும், அந்தப் பக்கத்தையும் பிரதி எடுத்து வையுங்கள், பலர் போட்டோ உள்ள பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்று பெயரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் ஒன்று. அப்புறம் இனிஷியல் முறை என்னவென்று இரண்டு வரியில் விளக்கி முகப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், அவர்கள் கேள்வி கேட்டு அனுப்பிக் காத்திருக்கும் மாதங்கள் மிச்சம்.

அம்மாவுக்கு மனுப் போட, அவர் பெயர் உள்ள உங்கள் பிறப்புச் சான்றிதழ் போதும். அப்பாவுக்கு அதோடு அவர்கள் திருமணச் சான்றிதழும் வேண்டும். மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பனுக்கும் போடலாம், உங்களுக்கு 18 ஆகும் முன் அந்தத் திருமணம் நடந்திருந்தால்.

ஐ-485-க்கு அம்மாவின் சொந்தப் பிறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். 1970-க்கு முன் கிராமத்தில் பிறந்தவருக்கு அது எங்கே இருக்கப்போகிறது. ஊராட்சியிலோ நகராட்சியிலோ 'பதிவு இல்லை' என்று சான்று வாங்கி, எஸ்எஸ்எல்சி புத்தகமோ பள்ளி டிசியோ சேர்த்து, பிறந்ததை நேரில் அறிந்த மூத்த உறவினர்கள் இரண்டு பேரின் வாக்குமூலமும் வையுங்கள். தமிழில் உள்ள எதற்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும்.

நான் இன்னும் காலேஜில் படிக்கிறேன், சம்பளமே இல்லை. ஸ்பான்சர் செய்ய முடியுமா?

முடியும். ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியில் நீங்கள் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும், வருமானம் போதாவிட்டால் கூட்டு ஸ்பான்சர் ஒருவரைச் சேர்க்கலாம். அவர் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ, 18 வயது தாண்டி, அமெரிக்காவில் வசிப்பவராக இருந்தால் போதும். உறவுக்காரராக இருக்க வேண்டியதில்லை.

வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டில் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2025 கணக்குப்படி இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு வருஷத்துக்கு 26,437 டாலர், மூன்று பேருக்கு 33,312. நீங்களும் அம்மாவும் என்றால் இரண்டு, அப்பாவுக்கும் போட்டால் மூன்று. வருஷா வருஷம் மாறும், அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் கூடுதல். சம்பளத்துக்குப் பதிலாகச் சொத்தைக் காட்டினால் பற்றாக்குறையைப்போல் ஐந்து மடங்கு காட்ட வேண்டும்.

கூட்டு ஸ்பான்சராக மாமாவைக் கேட்கும்போது அவர் எதில் கையெழுத்துப் போடுகிறார் என்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அம்மா குடியுரிமை பெறும் வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும் வரை, அல்லது நாட்டை நிரந்தரமாக விட்டுப் போகும் வரை, அல்லது இறக்கும் வரை அந்தப் பொறுப்பு இருக்கும். சண்டை போட்டுப் பேசாமல் இருந்தாலும் தீராது.

செலவு எவ்வளவு?

2024 ஏப்ரலில் வந்த பட்டியல்படி ஐ-130 ஆன்லைனில் 625 டாலர், தபாலில் 675. ஐ-485 1,440. வேலை அனுமதி வேண்டுமானால் 260. இது ஒரு ஆளுக்கு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இரண்டு மனு, இரண்டு செலவு. 2025 அக்டோபர் கடைசியில் இருந்து தபால் விண்ணப்பங்களுக்குக் காகிதச் செக், மணி ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், கார்டிலோ வங்கிக் கணக்கில் இருந்தோதான் கட்ட வேண்டும். அனுப்பும் அன்று கட்டணப் பக்கத்தை மறுபடி பாருங்கள்.

மருத்துவப் பரிசோதனை தனி. யுஎஸ்சிஐஎஸ் அங்கீகரித்த டாக்டரிடம்தான் போக வேண்டும், அவர் நிரப்பித் தரும் ஐ-693 படிவத்தை விண்ணப்பத்தோடே சேர்த்து அனுப்ப வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்குக் காசநோய் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் வருவது சகஜம், உடனே பயந்துவிட வேண்டாம். மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள், அது சுத்தமாக இருந்தால் விஷயம் முடிந்தது.

விண்ணப்பம் போட்டுவிட்டால் அம்மா பத்திரமா? இன்டர்வியூவில் பிடித்துவிடுவார்களா?

ஐ-130 மட்டும் போட்டிருந்தால் அது எந்த ஸ்டேட்டஸும் தராது, நாடு கடத்தலையும் தடுக்காது. 2025 ஆகஸ்டில் யுஎஸ்சிஐஎஸ் இதைத் தன் கொள்கையில் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. ஐ-485 போட்டிருந்தால் சட்டவிரோத நாள் கணக்கு நிற்கும், வேலை அனுமதி வரும், ஆனால் கைது செய்யவே முடியாது என்று அர்த்தமில்லை. 2025 கடைசியில் சான் டியேகோவில் கிரீன் கார்டு இன்டர்வியூவுக்கு வந்த ஓவர்ஸ்டே ஆட்களை அந்த அலுவலகத்திலேயே பிடித்துப் போன செய்திகள் வந்தன. முன்பு கேள்விப்படாத விஷயம் அது.

அதற்காகப் போடாமலே இருப்பதா? முத்திரையோடு வந்தவர், கிரிமினல் கேஸ் இல்லை, பழைய நாடு கடத்தல் உத்தரவு இல்லை என்றால் என் கருத்தில் போடுவதே நல்லது. நாளைக்குச் சட்டம் இதைவிட இளகும் என்று காத்திருக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. இன்டர்வியூவுக்கு வக்கீலோடு போங்கள், அப்படிப் பிடித்தாலும் இமிக்ரேஷன் நீதிபதி முன்னால் இதே கிரீன் கார்டைக் கேட்க முடியும் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். எல்லை தாண்டி வந்தவருக்கு இதே தைரியத்தை நான் சொல்ல மாட்டேன். அவர் பெயரை அரசிடம் கொடுப்பதற்கு முன் கடைசி வரை வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் தாளை அனுப்ப வேண்டும்.

பழைய நாடு கடத்தல் உத்தரவு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு வீடு மாறி, நோட்டீஸ் கிடைக்காமல், கோர்ட்டுக்குப் போகாமல் விட்டவர்களுக்கு அவர்கள் இல்லாமலே உத்தரவு போட்டிருப்பார்கள். அப்பாவிடம் 'ஏ' என்று தொடங்கும் எண் இருந்தால் இமிக்ரேஷன் கோர்ட்டின் தானியங்கித் தொலைபேசியிலோ இணையதளத்திலோ பார்க்கலாம். உத்தரவு இருந்தால் முதல் வேலை அந்தக் கேஸைத் திறக்க முடியுமா என்று பார்ப்பது, ஐ-485 அதற்கு அப்புறம்.

தம்பியும் ஓவர்ஸ்டேதான். அம்மாவோடு அவனையும் சேர்க்கலாமா?

முடியாது. நெருங்கிய உறவினர் வகையில் வருபவர் தன்னோடு வேறு யாரையும் இழுத்து வர முடியாது. நீங்கள் தம்பிக்குத் தனியாகப் போட்டால் அது சகோதர வகை, இந்தியர்களுக்கு 15 வருஷத்துக்கு மேலான வரிசை, ஓவர்ஸ்டே மன்னிப்பும் அதில் இல்லை.

அம்மா விண்ணப்பித்திருக்கும்போது ஊரில் பாட்டி சீரியஸ். போய் வரலாமா?

அட்வான்ஸ் பரோல், அதாவது வெளியே போய்த் திரும்பி வர முன்கூட்டியே தரும் அனுமதி, கையில் வாங்காமல் போனால் விண்ணப்பமே கைவிடப்பட்டதாகிவிடும், 10 வருஷத் தடையும் சேர்ந்து விழும். அட்வான்ஸ் பரோலில் போனால் அந்தத் தடை விழாது என்று 2012-இல் ஓர் இந்தியத் தம்பதியின் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆனாலும் திரும்பி வரும்போது உள்ளே விடுவார்கள் என்று அந்தக் காகிதம் உத்தரவாதம் தருவதில்லை, பழைய நாடு கடத்தல் உத்தரவு இருந்தால் போகவே கூடாது. பாட்டியின் கடைசி முகத்தைப் பார்க்காதே என்று யாரும் யாருக்கும் சொல்ல முடியாது, முடிவு அம்மாவுடையது. முடிவெடுக்கும் முன் வக்கீலுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.

கிரீன் கார்டு வந்த பிறகு?

ஊருக்குப் போய் வரலாம். முதல் தடவை ஏர்போர்ட்டில் கை நடுங்கும், பரவாயில்லை. ஒரே மூச்சில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டாம், ஒரு வருஷம் தாண்டுவதென்றால் முன்கூட்டியே ரீ-என்ட்ரி பர்மிட் வாங்க வேண்டும்.

ஐந்து வருஷம் கழித்துக் குடியுரிமைக்குப் போடலாம். ஸ்டேட்டஸ் இல்லாமல் இருந்த வருஷங்கள் எதுவும் இதில் சேராது, கார்டில் உள்ள தேதியில் இருந்துதான் கணக்கு. ஆங்கிலம் வராது என்று பயப்படுபவர்களுக்கு வயது விலக்கு உண்டு: 50 வயது, கார்டு வாங்கி 20 வருஷம், அல்லது 55 வயது, கார்டு வாங்கி 15 வருஷம் என்றால் மொழிபெயர்ப்பாளரை வைத்து வரலாறு, ஆட்சிமுறைக் கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம். 52 வயதில் கார்டு வாங்கிய அம்மா 57-இல் ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில்தான் என்றால் 67 வரை பொறுக்க வேண்டும்.